அப்பாவின் தலையைப் பார்க்க வேண்டும்

அத்தியாயம் 11

சாத்தான்குளத்து ரோஸ் அக்கா எங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்து கேட்ட கேள்வியோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன்.

"மாப்பிள்ளைக்கு முன்நெத்தி கொஞ்சம் ஏறுதாப்ல இருக்கே அண்ணாச்சி?"

மகள் ஸ்டெபியை என் தம்பி பெனிஸ்டனுக்குக் கொடுக்கப் பேசி முடித்திருக்கும் தாய். கேட்க உரிமை இருக்கிறது. பதில் சொல்ல அப்பா இருந்தார். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் பொன்னுதுரை தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எங்க பரம்பரையிலயே வழுக்கை கிடையாதும்மா. என்னையப் பாரு, எழுபத்தொண்ணு ஆகுது."

ரோஸ் அக்கா பார்த்தாள். கன்னங்கரேலென்று, ஒரு நரை இல்லாமல், வகிடு பிசகாமல் இருந்த முடியைப் பார்த்தாள். திருப்தியாகக் காப்பியைக் குடித்தாள். நான் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டேன். இன்னும் ஒரு நிமிடம் அங்கே நின்றிருந்தால் என் வாய் என்னைக் கேட்காமலே பேசியிருக்கும்.

அது டோப்பா.

இந்த வார்த்தையை எங்கள் வீட்டில் யாரும் உச்சரித்ததில்லை. அம்மா இருந்தவரை "அப்பா சாமான்" என்பாள். அம்மா போன பிறகு அந்தச் சாமானை அலசுகிற உத்தியோகம் எனக்கு வந்தது. பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதியியல் நடத்துகிறேன். சனிக்கிழமை சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு குழந்தை ஷாம்பூவில் அப்பாவின் தலைமுடியை அலசுகிறேன். மொட்டை மாடியில் காயப்போட்டால் பக்கத்து வீட்டில் பார்த்துவிடுவார்கள் என்று பீரோவுக்குப் பின்னால் காயப்போடுகிறேன். சாமானை எனக்கு முடி முடியாகத் தெரியும். அது உட்கார்ந்திருக்கிற தலையை மட்டும் நான் பார்த்ததே இல்லை. அப்பா அறைக் கதவைத் தாழ் போட்டுத்தான் கழற்றுவார், தாழ் போட்டுத்தான் மாட்டுவார்.

ஊருக்குத் தெரியுமா என்று கேட்பீர்கள். நாசரேத் ஊருக்கே தெரியும். கோயிலில் மின்விசிறிக்கு நேர் கீழே அப்பா உட்காரமாட்டார் என்பதும், யாருடைய பைக்கிலும் பின்னால் ஏறமாட்டார் என்பதும் சின்னப்பிள்ளைக்குக் கூடத் தெரியும். தெரியாதது போல் இருப்பதுதான் மரியாதை. அந்த மரியாதையில்தான் எங்கள் குடும்பம் இத்தனை வருஷம் நிமிர்ந்து நடந்தது.

இப்போது தம்பி. தூத்துக்குடி ஹார்பரில் ஒரு ஷிப்பிங் ஆபீசில் இருக்கிறான். முப்பத்தைந்து வயது. முன்னால் ஏறி, உச்சியில் மெலிந்து, சூரிய வெளிச்சத்தில் நின்றால் மண்டைத்தோல் தெரிகிறது. மஸ்கட்டில் நர்சாக இருக்கும் ஸ்டெபிக்கு அவன் கொடுத்திருக்கிற படம் ஆறு வருஷத்துக்கு முன்னால் எடுத்தது. வீடியோ காலில் தொப்பி. ஏன் எப்பவும் தொப்பி என்று அவள் கேட்டதற்கு, "ஹார்பர்ல ஹெல்மெட் போட்டுப் பழகிருச்சு, தலையில ஏதாவது இல்லேன்னா தலை வலிக்கும்" என்றானாம். அந்தப் பிள்ளையும் நம்பிவிட்டது. இவ்வளவு அற்பமான விஷயத்துக்கு ஒரு மனுஷன் பொய் சொல்வான் என்று அவளுக்குத் தோன்றவில்லை. நல்ல வீட்டில் வளர்ந்தவள்.

அவள் ஊருக்கு வருவது சித்திரையில். கல்யாணம் வைகாசியில். இப்போது முடி நட்டால், நட்டது உதிர்ந்து, மறுபடி முளைத்து, அவள் விமானம் இறங்குவதற்குள் சீப்புப் போடலாம். என் தம்பி போட்ட திட்டம் இது.

ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுத்ததுதான் அதைவிட வேடிக்கை. திருநெல்வேலியில் நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள். ஆனால் அங்கே சீட்டு எழுதுகிற பெண்ணிலிருந்து எல்லாரும் நம் ஆட்கள். "நாசரேத்தா? யாரு மவன்?" என்று கேட்டுவிட்டால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குள் செய்தி ஊர் வந்து சேர்ந்துவிடும். அதனால் தூத்துக்குடியில் டாக்டர் சரண்யாதேவி. ஸ்ரீவைகுண்டம் பக்கம் வயல்காரர் வீட்டுப் பெண். நம் சபை இல்லை, நம் கோயில் சேகரம் இல்லை, நம் கல்யாண வீட்டுப் பந்தியில் உட்காரமாட்டார். என் தம்பி கண்ணுக்கு அதுதான் முதல் தகுதி. படிப்பை இரண்டாவதாகத்தான் பார்த்தான்.

முதல் தடவை போனபோதே டாக்டர் ஒரே ஒரு விஷயம் சொல்லி அனுப்பியிருக்கிறார். "உங்க அப்பாவைக் கூட்டிட்டு வாங்க. அவர் தலையைப் பாக்காம, முடி எங்கன தொடங்கணும்னு நெத்தியில கோடு போட மாட்டேன்."

வேறு எவனாக இருந்தாலும் அங்கேயே உண்மையைச் சொல்லியிருப்பான். சொல்வதற்குத்தானே அசலூர் டாக்டரைத் தேடிப் போனது? என் தம்பி ராத்திரி முழுக்க யோசித்து ஒரு முடிவுக்கு வந்தான்.

"அக்கா, அப்பா சும்மா வந்து உக்காந்தா போதும். அந்தம்மா அப்பா முடியப் பாத்துட்டு, நமக்குக் கோட்டை நல்லா கீழ எறக்கிப் போட்டுரும்."

முடி வைக்கிற டாக்டரிடம் டோப்பாவைக் காட்டி ஏமாற்றிவிடலாம் என்று நினைக்கிற மூளைக்கு மேல் முடி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

"ஏலே, உனக்குக் கூறு இருக்கா?" என்றேன்.

"உனக்கு என்னக்கா தெரியும்? அது ஒரிஜினல் முடி. மெட்ராஸ்ல செஞ்சது. தொட்டுப் பாத்தாக்கூடத் தெரியாது."

அப்பாவும் சரியென்றார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மறுத்தால் மறுப்பதற்குக் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும். அதைவிட ஒரு டாக்டரை ஏமாற்றுவது அவருக்குச் சுலபமாகப் பட்டது.

ஆக, இன்று காலை அப்பாவை ஏற்றிக்கொண்டு காரை எடுத்தேன். ஆடிக் காற்று. பழையகாயல் தாண்டி உப்பளத்துப் பக்கம் வந்ததும் காரையே தள்ளியது. தூத்துக்குடியில் இறங்கி ஆஸ்பத்திரி வாசலுக்கு நடக்க வேண்டியது பத்தடிதான். அப்பா அந்தப் பத்தடிக்கும் செய்தித்தாளை மடித்துத் தலையில் பிடித்துக்கொண்டு, மழையில் ஓடுகிறவர் போல ஓடினார். ஊரில் ஒரு பொட்டு மழை இல்லை.

உள்ளே காத்திருக்கும் ஹாலில் ஒரு நாற்காலியில் தொப்பி போட்ட ஒருவர் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். எங்கள் சேகர கமிட்டி நேசக்குமார் அண்ணாச்சி. போன சபைத் தேர்தலில் அப்பாவிடம் தோற்றவர்.

அசலூர் டாக்டர், வேறு சாதி, நம் ஆட்கள் ஒருத்தரும் வரமாட்டார்கள் என்று நாங்கள் கண்டுபிடித்த இடத்தை அவரும் அதே கணக்கில் கண்டுபிடித்திருக்கிறார். இன்னும் எத்தனை பேர் இந்த ஹாலில் தொப்பியோடு உட்கார்ந்து போனார்களோ!

"ஸ்தோத்திரம் அண்ணாச்சி," என்றார் அவர். முகம் செத்துவிட்டது.

"ஸ்தோத்திரம். என்ன, இங்கன?"

"சும்மா... முதுகுல வேர்க்குரு. நீங்க?"

"பையனுக்குத் தோல்ல ஒரு அலர்ஜி."

இரண்டு பேருக்கும் தலைக்கு மேலே சுவரில், வழுக்கைத் தலையும் முடி முளைத்த தலையுமாக ஆளுயரப் படங்கள். இரண்டு பெரிய மனுஷர்களும் தரையைப் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது, அவர்களுக்காக அல்ல. இவர்கள் வேதம் வாசிக்க நான் எழுந்து நின்றிருக்கிறேனே, அதற்காக.

பெனிஸ்டன் ஏற்கெனவே வந்திருந்தான். எங்களை உள்ளே கூப்பிட்டார்கள்.

டாக்டர் சரண்யாதேவிக்கு என் வயதுதான் இருக்கும். அப்பாவுக்கு எழுந்து நின்று வணக்கம் சொன்னார். உட்காரச் சொன்னார். அப்பாவின் நெற்றியை ஒரு தடவை பார்த்தார். அவ்வளவுதான். அந்த ஒரு பார்வையிலேயே கதை முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. வகுப்பில் காப்பி அடித்தவனைப் பார்க்கிறபோது நானும் அப்படித்தான் பார்ப்பேன்.

"அப்பாவுக்கு நல்ல முடி," என்றார்.

"பரம்பரை," என்றான் பெனிஸ்டன். "எனக்குத்தான் இந்தத் தூத்துக்குடித் தண்ணி ஒத்துக்கலை டாக்டர். உப்பு."

"நானும் அந்தத் தண்ணியிலதான் குளிக்கேன்."

டாக்டர் தன் பின்னலை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டு, மார்க்கரை எடுத்தார். பெனிஸ்டனைக் கண்ணாடி முன்னால் நேராக உட்கார வைத்தார். புருவத்தைத் தூக்கச் சொன்னார், நெற்றிச் சுருக்கம் எதுவரை போகிறது என்று பார்த்தார். புருவ நடுவில் நான்கு விரலை அடுக்கி வைத்து, அதற்கும் மேலே ஒரு புள்ளி வைத்தார். பிறகு அங்கிருந்து இரண்டு பக்கமும் கோடு. நேர்கோடு இல்லை. உப்பளத்து வரப்பு மாதிரி நெளிந்து நெளிந்து போய், இரண்டு நெற்றிப்பொட்டுப் பக்கமும் உள்வாங்கியது.

தம்பி கண்ணாடியைப் பார்த்தான். "என்ன டாக்டர் இவ்ளோ மேல? இது கிழவன் நெத்தி."

போனை எடுத்துக் காட்டினான். கல்லூரியில் எடுத்த படம். முடி நெற்றியில் வந்து விழுகிறது. "இப்படி வேணும். நேரா, அடர்த்தியா."

டாக்டர் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். கோபப்படவில்லை. பாடம் நடத்துகிற குரலில் சொன்னார்.

"இயற்கையான நெத்தி நேரா இருக்காது. இடது வலது ஒண்ணுபோல இருக்காது. முன்வரிசையில ஒத்தை ஒத்தை முடிதான் இருக்கும், மெல்லிசா. அதுக்குப் பின்னாலதான் ரெண்டும் மூணுமா அடர்த்தி வரும். நாலு முடி வரிசைக்கு முன்னால தப்பி நிக்கும். இதெல்லாம் இல்லாம, ஸ்கேல் வச்சு இழுத்தாப்ல ஒரே கோடு, முதல் வரிசையிலயே கத்தையா முடி, பொட்டுப் பக்கம் மூடி, அம்பது அறுபது வயசு முகத்துக்கு மேல இருவது வயசு நெத்தி... அதைத் தூரத்துல வரும்போதே கண்டுபிடிச்சிரலாம்."

ஒரு வார்த்தை விடாமல் அப்பாவின் தலையை வர்ணித்தார். அப்பா ஜன்னலைப் பார்த்தார். தம்பி தரையைப் பார்த்தான். எனக்கு எழுந்து நின்று கை தட்ட வேண்டும் போல் இருந்தது.

"எங்க அப்பா முடி கண்ணு முன்னாடி இருக்கே டாக்டர்," என்றான் பெனிஸ்டன். விடுவானா? "எழுபத்தொரு வயசுல இப்படின்னா, எனக்கு இனிமே கொட்டாதுல்லா? தைரியமா கீழ போடுங்க."

"அதத்தான் பாக்கணும்ங்கேன்." டாக்டர் அப்பா பக்கம் திரும்பினார். "ஐயா, உங்க தலையைக் கொஞ்சம் தொட்டுப் பாக்கட்டுமா?"

"அதெல்லாம் வேண்டாம்மா," என்றார் அப்பா. 

டாக்டர் மார்க்கரை மூடினார். "என்கிட்ட வாரவங்க எல்லாரும் பொய் சொல்லுவாங்க ஐயா. ஊருக்குச் சொல்லுத பொய்யப் பத்தி எனக்குக் கவலையில்ல. எனக்குச் சொல்லுத பொய் இவர் நெத்தியில நிக்கும். பின்னந்தலையில இருந்து எடுத்துத்தான் முன்னால நடுதோம். அங்கன இருக்கது அவ்வளவுதான். எடுத்த இடத்துல மறுபடி முளைக்காது. நான் இப்போ ஆசைக்குக் கீழ எறக்கி, அடர்த்தியா நட்டு, இருக்கதைப் பூரா முன்னாலயே கொட்டிட்டேன்னு வைங்க. இவருக்கு உச்சி முழுக்கப் போற ஜாதகம்னா, நாப்பத்தஞ்சு வயசுல முன்னால வேலி நிக்கும், பின்னால பொட்டல் கிடக்கும். அதுக்கு வழுக்கையே தேவலைன்னு இருக்கும்."

"அப்புறம் சரி பண்ண முடியாதா?" என்று அப்பா கேட்டார்.

"எதை வச்சு ஐயா சரி பண்ண? எடுக்கதுக்கு ஒண்ணும் இருக்காது."

 நான் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த மனுஷன் மகன் தலையைவிடத் தன் சாமானைத்தான் காப்பாற்றுவார் என்று என்னால் பந்தயம் கட்டியிருக்க முடியும். அத்தனை வருஷம் பார்த்திருக்கிறேன். வெளியே வேறு நேசக்குமார் உட்கார்ந்திருக்கிறார்.

அப்பா சொன்னார்: "ஏளா ஷீலா, கதவைத் தாழ் போடு."

போட்டேன்.

"பின்னால ரெண்டு கிளிப்பு இருக்கு.  நீ எடு."

எடுத்தேன். முன்னால் ஒட்டியிருந்த டேப்பை அவரே பிரித்தார். தோல் சேர்ந்து வந்தது போல் முகத்தைச் சுளித்தார். சாமான் என் கைக்கு வந்தது.

காதுக்கு மேலே இரண்டு பக்கமும் பின்னாலுமாக ஒரு மெல்லிய நரைப் பட்டை. மற்றபடி ஒன்றுமே இல்லை. முகம் கறுத்த நிறம், தலை வேறு யாருடையதோ போல் வெளுத்துக் கிடந்தது. டேப் ஒட்டிய இடமெல்லாம் புண்ணாகி ஆறி, மறுபடி புண்ணாகியிருந்தது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது. இந்தப் புண்ணை மறைத்துக்கொண்டா இந்த ஆள் இத்தனை ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வந்தார்? முட்டாள் மனுஷன். இதை முப்பது வருஷத்துக்கு முன்னால் செய்திருக்கலாமே!

டாக்டர் லென்ஸை வைத்துப் பொறுமையாகப் பார்த்தார். "எந்த வயசுல ஐயா ஆரம்பிச்சுது?"

"முப்பதுக்கு முன்னாலயே. நாப்பதுல ஒண்ணுமில்ல."

"உங்க அப்பாவுக்கு?"

"அவிகளுக்கும் இப்படித்தான்."

"தாங்க்ஸ் ஐயா. இந்தப் புண்ணுக்கு மருந்து எழுதித் தாரேன். இனிமே ஒட்டாதீங்க."

பெனிஸ்டன் நெற்றியில் போட்ட கோட்டை டாக்டர் பஞ்சால் துடைத்தார். அதைவிட ஒரு விரல் மேலே, பொட்டுப் பக்கம் இன்னும் உள்வாங்கி, புதுக் கோடு போட்டார். "இதுதான் உங்க நெத்தி. அம்பதுலயும் அறுபதுலயும் அசிங்கமா இருக்காது. முன்னால கொஞ்சம் நடுவோம். மிச்சத்தைப் பத்திரமா வச்சிருப்போம். பாக்கவங்க உங்க மூஞ்சியப் பாப்பாங்க, முடியத் தேட மாட்டாங்க."

தம்பி புதுக் கோட்டைப் பார்க்கவில்லை. கண்ணாடியில் தெரிந்த அப்பாவின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனும் முதல் தடவை பார்க்கிறான்.

"ச்சை," என்றான்.

மெதுவாகத்தான் சொன்னான். ஆனால் சின்ன அறை. அப்பா கண்ணைத் திறந்தார்.

"டாக்டர், நீங்க கீழயே போடுங்க," என்றான் பெனிஸ்டன். "கல்யாணம் முடியிற வரைக்கும் நின்னா போதும். பின்னால போச்சுன்னா அப்பா மாதிரி நானும் ஒண்ணு வாங்கி மாட்டிக்கிடுதேன்."

பெற்ற தகப்பன் மானத்தைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருக்கிறார். எதற்குக் கழற்றினாரோ அதை இவன் துப்பிவிட்டான். பிறந்ததிலிருந்து இவனைத் தூக்கி வளர்த்தவள் நான். அந்த நிமிடம் எனக்கு அவன் மேல் வந்தது கோபம் கூட இல்லை, அருவருப்பு.

டாக்டர் கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டார். "இன்னைக்கு ஆபரேஷன் இல்ல. போயிட்டு வாங்க."

"செய்யதுக்கு ஊர்ல வேற ஆளா இல்ல?"

"இருக்காங்க. ஸ்கேல் வச்சே போட்டுத் தருவாங்க."

அப்பா எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "ஏலே பெனி, ஸ்டெபி வீட்டுல நாம உண்மையச் சொல்லிருவோம். அந்தப் பிள்ளை முடியப் பாத்தா சரின்னு சொன்னா?"

"பின்ன எதைப் பாத்து? உங்க ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் போஸ்ட்டையா?"

"பரம்பரையிலயே கிடையாதுன்னு ரோஸுகிட்ட சொன்னது நான். நான் சொன்ன பொய்ய நான்தான் எடுக்கணும். இப்பமே போறேன்."

"போனீங்கன்னா எனக்கு அப்பாவே இல்லைன்னு நெனச்சிக்கிடுவேன்."

அப்பா டாக்டருக்கு வணக்கம் வைத்துவிட்டுத் தாழைத் திறந்தார். சாமானை நீட்டினேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. என் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

ஹாலில் நேசக்குமார் அண்ணாச்சி வாயைத் திறந்தபடி எழுந்து நின்றார். தோற்ற தேர்தலுக்குப் பழிவாங்க இதைவிட நல்ல நேரம் அவருக்கு வாய்க்காது. ஆனால் அவர் கை தன்னையறியாமல் தன் தொப்பிக்குத்தான் போனது.

"வேர்க்குருவுக்கு நல்ல டாக்டர்," என்றார் அப்பா அவரிடம். "ஒண்ணையும் மறைக்காம சொல்லுங்க."

காரில் ஏறினோம். பெனிஸ்டன் வரவில்லை. நெற்றியில் கோட்டோடு ஆஸ்பத்திரி வாசலில் நின்று போனைக் காதில் வைத்திருந்தான். வேறு டாக்டரைத் தேடுகிறான் என்று நினைத்தேன். அந்த அளவுக்குத்தான் என் புத்தி போனது.

"சாத்தான்குளத்துக்கா?" என்று கேட்டேன்.

"ஆமா."

பழையகாயல் தாண்டினோம். அப்புறம் அப்பா, "ஏளா, ஏசியக் கொஞ்சம் குறை. தலை குளிருது," என்றார். குறைத்தேன். அந்த மனுஷன் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியத்தை நான் கேட்டதே இல்லை. சிரிப்பதா, அழுவதா என்று தெரியாமல் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

"ரோஸு என்ன சொல்லுவான்னு நெனைக்க?"

"கல்யாணம் வேண்டாம்னு சொல்லலாம்."

"சொல்லட்டும். பொண்ணு வந்து பாத்து அழுகதுக்கு, இந்தச் சம்பந்தம் இப்பமே போனாலும் நல்லதுதான்." கொஞ்ச தூரம் போனதும், "உங்கம்மாகிட்டயும் நான் கல்யாணத்தன்னைக்குச் சொல்லல," என்றார். நான் கியரை மாற்றினேன்.

ஆத்தூர்ப் பாலம் ஏறும்போது போன் அடித்தது. வண்டி ஸ்பீக்கரில்தான் வரும். திரையில் ரோஸ் அக்கா பெயர். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அழுத்தினேன்.

"டீச்சர், எங்கன இருக்கிய? மாப்பிள்ளை இப்பத்தான் போன் போட்டாவ." ரோஸ் அக்கா குரலில் அவ்வளவு இரக்கம். "அழுதுட்டாவ, பாவம். அப்பாக்கு மறதி நோய் வந்து ரொம்ப முத்திப் போச்சாமே? ஏன் எங்ககிட்ட மறைச்சிய? தலைய அவியளே மழிச்சிக்கிட்டு, எங்க பரம்பரையே வழுக்கை, நான் இத்தனை நாளும் டோப்பா வச்சிருந்தேன்னு பாக்கவுககிட்ட எல்லாம் சொல்லுதாவளாம். உங்க வீட்டுக்கும் வருவாவ, ஒண்ணும் எதுத்துப் பேசாதீங்க, எல்லாத்துக்கும் சரின்னு தலையாட்டி, ரெண்டு வாய் சாப்பிட வச்சு அனுப்புங்கன்னு சொன்னாவ. எப்பேர்ப்பட்ட பிள்ளை! இந்தக் காலத்துல தகப்பனை இப்படிப் பாக்க பிள்ளை யாருக்குக் கிடைக்கும்? ஸ்டெபிகிட்டச் சொன்னேன், அவளும் அழுதுட்டா."

என் கால் தானாகப் பிரேக்குக்குப் போனது.

"நிறுத்தாத," என்றார் அப்பா. "போ."

பிறகு ஸ்பீக்கரைப் பார்த்து, பள்ளிக்கூட அசெம்ப்ளியில் பேசுகிற பழைய குரலை எப்படியோ வரவழைத்துக்கொண்டார். "ரோஸு, நான் பொன்னுதுரை பேசுதேன். எனக்கு ஒரு நோயும் இல்ல. பெனி சொன்னது பூராப் பொய். நான் நேர்ல வந்து எல்லாம் சொல்லுதேன்."

 அடுத்து வந்த குரலில் ரோஸ் அக்கா எங்கள் சோபாவில் காட்டிய பணிவு இல்லை. தொட்டில் பிள்ளையைக் கொஞ்சுகிற குரல்.

"சரி அண்ணாச்சி, சரி. நீங்க சொன்னா சரிதான். மெதுவா வாங்க, என்ன? சாப்பிட்டியளா? இன்னைக்கு என்ன கிழமைன்னு சொல்லுங்க பாப்போம்?"

அப்பா என்னைப் பார்த்தார். ரிட்டயர் ஆனவருக்கு ஞாயிறு ஒன்றுதான் கிழமை, மற்றதெல்லாம் ஒன்றுதான். நான் உதட்டை அசைத்துக் காட்டுவதற்குள் அவசரப்பட்டார்.

"புதன்," என்றார், கம்பீரமாக.

வியாழக்கிழமை.

"ஆமா அண்ணாச்சி," என்றாள் ரோஸ் அக்கா. "புதனேதான்."